ஸ்பினோசாவின் இரு கற்கள்

"எல்லாம் விதிப்படி" என்பாரை நாம் மறுக்கும்போது, படித்த பழமைவாதி குறுக்கிட்டுக் கேட்பதுண்டு: "காரணமின்றிக் காரியமில்லை என்பதுதானே உங்கள் பகுத்தறிவு? அப்படியானால் மனிதன் எண்ணுவதும் செய்வதும் முன்னைக் காரணங்களால் முடிவானவையே. நீங்கள் காரணம் என்கிறீர்கள். நாங்கள் விதி என்கிறோம். பெயரில் மட்டுந்தானே வேற்றுமை?" கேள்வி கூரியது. தோழர் சிலர் இதன்முன் திகைத்து நின்றதை நாம் கண்டிருக்கிறோம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதனோடு மல்லாடியவர் ஹாலந்து நாட்டு ஸ்பினோசா.

மதவிசாரணைக் கொடுமைக்கு அஞ்சிப் போர்ச்சுகலை விட்டு வந்த யூதக் குடும்பத்தில், 1632-இல், ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தவர் அவர். கொடுமைக்குத் தப்பி வந்த அந்தச் சமூகமே, 1656 ஜூலை 27-இல், 23 வயது இளைஞரைச் சபித்து ஒதுக்கியது. எவரும் அவரோடு பேசலாகாது. நான்கு முழத்துக்குள் நெருங்கலாகாது. அவர் எழுதியதைப் படிக்கலாகாது! அவரோ அஞ்சவில்லை, கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துக்கொண்டே சிந்தித்தார். 1673-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் பதவி தேடி வந்தது. நாட்டின் மதத்தைக் கலக்கக்கூடாது என்ற நிபந்தனையும் உடன் வந்தது. பதவியை மறுத்தார்.

1674-இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு கல்லைக் காட்டினார். எறியப்பட்ட கல்லுக்குச் சிந்தனை இருக்குமானால், தன் விருப்பத்தாலேயே பறப்பதாக அது நம்பும். மனிதனும் அப்படியே, தன் ஆசையை அறிவான், அந்த ஆசையைத் தூண்டிய காரணத்தை அறியான்.

பழமைவாதி மகிழ்ந்துவிட வேண்டாம். 1677-இல் ஸ்பினோசா மறைந்தபின் நண்பர்கள் வெளியிட்ட 'அறவியல்' நூலில் இன்னொரு கல் உண்டு. கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவன் இறக்கிறான். காற்றடித்தது, அவன் அவ்வழியே வந்தான் என்றால் பக்தன் விடுவதில்லை. காற்று ஏன் அப்போது அடித்தது, அவன் ஏன் அப்போது வந்தான் என்று அடுக்கிக் கேட்டு, முடிவில் ஆண்டவன் சித்தம் என்கிறான். அறியாமை ஒதுங்கும் புகலிடம் அதுவே என்றார் ஸ்பினோசா. ஆண்டவன் என்ற சொல்லை அவர் விடவில்லை. ஆனால் இயற்கையையே அச்சொல்லால் குறித்தார்.

முதற் கல் மனிதனின் செருக்கை உடைத்தது. இரண்டாவது, விதியை உடைத்தது. காரணம் வேறு, விதி வேறு. என்ன செய்தாலும் நடப்பது நடக்கும் என்பது விதி. நாம் செய்வதும் காரணங்களுள் ஒன்று என்பதே அறிவு. தம்மை ஆட்டுவிக்கும் காரணங்களை அறிவதையே அவர் விடுதலை என்றார்.

வகுப்பில் பின்தங்கும் சிறுவனைப் பார்த்து "அவன் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டால் ஆசிரியரின் வேலை தீர்ந்தது. காரணம் கேட்டாலோ, காலையில் அவன் உண்ணாமல் வந்தது தெரியவரும். பசிக்குச் சோறு உண்டு. தலையெழுத்துக்கு மருந்து ஏது? அடுத்த முறை அந்தக் கேள்வி வரும்போது, தோழர்களே, திகைக்க வேண்டாம். இந்த வேற்றுமையை எடுத்துக் காட்டுவோம்!