கிளாசிக் படம் எது? எரிந்த ரீல்களும் எக்ஸ்ரே ஃபிலிமும்

பழைய படப் பிரியர்கள் நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா ஒரு சண்டை நிச்சயம். எது கிளாசிக்?

ஒருத்தர் வயசைச் சொல்வார். ஐம்பது வருஷம் தாண்டணும், கறுப்பு வெள்ளையா இருந்தா இன்னும் விசேஷம். இன்னொருத்தர், "ஓடுச்சா இல்லையா, அதைச் சொல்லு" என்பார். மூணாவது ஆள் விமர்சகர்கள் பட்டியலை எடுத்து நீட்டுவார். நாலாவது ஆள், "எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காம இருந்தா அதான் கிளாசிக்" என்று தீர்ப்பு சொல்லிட்டு டீ சொல்லப் போயிடுவார்.

நீங்க இதுல எந்தக் கட்சியா வேணா இருங்க. யாரும் கேட்காத ஒரு கேள்வி பாக்கி இருக்கு. நாம உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடியே எத்தனை படம் செத்துப் போச்சு?

அந்தக் கதையில ஒரு ஆஸ்பத்திரி தீ விபத்தும் ஒரு மனநல மருத்துவமனையோட அலமாரியும் வருது. அதனாலதான் ஒரு எம்பிபிஎஸ் டாக்டர் சினிமா வரலாறு எழுத உட்கார்ந்திருக்கேன். கொஞ்சம் நீளமான த்ரெட். நைட் டியூட்டி ஆளுங்க நிதானமா படிங்க.

முதல்ல வயசுக் கட்சி.

1986ல் டெட் டர்னர் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி முதலாளி எம்ஜிஎம் நிறுவனத்தோட பழைய படக் களஞ்சியத்தை வாங்கினார். வாங்கினவர் சும்மா இருக்கலை. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டர் வெச்சுக் கலர் பூச ஆரம்பிச்சார். இயக்குநர் ஜான் ஹூஸ்டன் உட்படப் பெரிய தலைகள் கொதிச்சாங்க. விஷயம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய், 1988ல் ஒரு சட்டம் வந்தது. வருஷத்துக்கு 25 படம் தேர்ந்தெடுத்து தேசியப் பட்டியல்ல சேர்க்கணும். பட்டியல்ல இருக்கிற படத்தை யாராவது மாத்தினா, "இது மாற்றப்பட்டது" என்று லேபிள் ஒட்டணும். மருந்துப் பாட்டிலுக்கு ஒட்டற மாதிரி.

அந்தச் சட்டம் கேட்ட வயசு எவ்வளவு தெரியுமா? வெறும் பத்து வருஷம். 1989ல் வந்த முதல் பட்டியல்ல 'காசாபிளாங்கா', 'சிட்டிசன் கேன்' பக்கத்துலயே 'ஸ்டார் வார்ஸ்' இருந்தது. அப்போ அதுக்கு வயசு 12. பழைய படப் பிரியர்களுக்கு வயிறு எரிஞ்சிருக்கும்.

இதுல ஒரு வேடிக்கை. கலர் பூசின அதே டர்னர்தான் 1994ல் டர்னர் கிளாசிக் மூவீஸ் சேனலை ஆரம்பிச்சார். பழைய படங்களை வெட்டாம, விளம்பர இடைவேளை இல்லாம போட்ட சேனல் அது. இன்னிக்கு அந்த ரசிகர்கள்தான் எண்பதுகள் படம் வந்தா, "இதெல்லாம் கிளாசிக்கா?" என்று முகம் சுளிக்கிறாங்க.

சரி, செத்துப் போன படங்களுக்கு வருவோம்.

1950களின் தொடக்கம் வரை தியேட்டர்ல ஓடின 35 மி.மீ. ஃபிலிமோட அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். வெடிமருந்தாப் பயன்படற துப்பாக்கிப் பஞ்சுக்குப் பங்காளி. பத்திக்கிட்டா அணைக்க முடியாது. எரிய வேண்டிய ஆக்சிஜன் அதுக்குள்ளயே இருக்கிறதால தண்ணிக்குள்ள போட்டாலும் எரியும்.

எங்க துறையிலயும் அதே சரக்குதான் இருந்தது. எக்ஸ்ரே ஃபிலிம்.

1929 மே 15. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக். அடித்தளத்து அறையில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களை அடுக்கி வெச்சிருந்தாங்க. ஏதோ ஒரு சூடு பட்டது. ஃபிலிம் வெந்து வெடிச்சது. மஞ்சள் பழுப்பு நிறப் புகை கட்டடம் முழுக்க ஏறியது. 123 பேர் இறந்தாங்க. கிளினிக்கைத் தொடங்கிய நாலு டாக்டர்கள்ல ஒருத்தரான ஜான் ஃபிலிப்ஸும் அதுல ஒருத்தர்.

பெரும்பாலானவங்க தீயில சாகலை. வாயுவுல செத்தாங்க. கார்பன் மோனாக்சைடு ஒண்ணு, நைட்ரஜன் ஆக்சைடுகள் இன்னொண்ணு. இந்த ரெண்டாவது ரொம்பப் பொல்லாதது. மூக்கு, தொண்டையில பெரிய எரிச்சல் இல்லாமலே நுரையீரலோட ஆழத்துக்குப் போயிடும். ஆள் நல்லாத்தான் இருக்கேன்னு எழுந்து நடப்பார். சில மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்து மூச்சு நிக்கும். அன்னிக்கு வெளியே தப்பிச்சு வந்தவங்கள்லயும் அப்படி இறந்தாங்க. இன்னிக்கும் விஷவாயு மூச்சில போன கேஸை "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சொன்னாலும் உடனே வீட்டுக்கு அனுப்பாம வார்டுல வெச்சுப் பார்க்கிறோமே, அதுக்குக் காரணம் இதுதான்.

அந்த விபத்துக்கு அப்புறம் ஆஸ்பத்திரிகள் அவசர அவசரமா அசிடேட் என்ற பாதுகாப்பான ஃபிலிமுக்கு மாறின. சினிமா மாறலை. இன்னும் இருபது வருஷத்துக்கு மேல நைட்ரேட்லயே ஓடினது. விளைவு நீங்க ஊகிக்கிறதுதான்.

1937 ஜூலையில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரி ஊரில் ஃபாக்ஸ் நிறுவனத்தோட ஃபிலிம் கிடங்கு எரிஞ்சது. கடும் கோடை, உள்ளே கெட்டுப்போக ஆரம்பிச்ச நைட்ரேட். தானாகவே பத்திக்கிட்டது. அந்த நிறுவனத்தின் மௌனப் படங்கள்ல பெரும்பகுதி அன்னிக்கோட போச்சு. தீடா பாரா என்று ஒரு நடிகை. 1910களில் அமெரிக்காவையே கிறங்க வெச்சவங்க. சுமார் 40 படம் நடிச்சாங்க. இன்னிக்கு முழுசா மிஞ்சினது கைவிரல் எண்ணிக்கைதான். 1917ல் வந்த அவங்களோட 'கிளியோபாட்ரா'வுல இப்போ கிடைக்கிறது சில துண்டுகள் மட்டும்.

2013ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஒரு ஆய்வு வெளியிட்டது. 1912 முதல் 1929 வரை அங்கே வந்த முழுநீள மௌனப் படங்கள் கிட்டத்தட்ட 11,000. அசல் வடிவத்துல முழுசா இருக்கிறது 14 சதவீதம். 70 சதவீதம் அடியோட காலி. தீ மட்டும் காரணம் இல்லை. ஓடி முடிஞ்ச படத்துக்கு மதிப்பே இல்லைன்னு தூக்கிப் போட்டாங்க. ஃபிலிம்ல இருக்கிற வெள்ளிக்காக உருக்கினாங்க.

நம்ம வீட்டுக் கணக்கும் பார்த்துடுவோம். முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. பிரதி இல்லை. அதோட நாயகி டி.பி.ராஜலட்சுமி 1936ல் தானே இயக்கிய 'மிஸ் கமலா'. ஒரு தமிழ்ப் பெண் அந்தக் காலத்துல கேமராவுக்குப் பின்னாடி நின்னு எடுத்த படம். அதுவும் இல்லை. பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' இருக்கு. அதைப் பார்த்துட்டு கிளாசிக்கா இல்லையான்னு நாம சண்டை போடலாம். 'மிஸ் கமலா'வை வெச்சு அந்தச் சண்டையைக்கூடப் போட முடியாது.

ஓபியில அடிக்கடி கேட்கிற வசனம் ஒண்ணு: "எங்க தாத்தா தினம் ஒரு கட்டு பீடி குடிச்சார் டாக்டர், 90 வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தார்." உண்மைதான். ஆனா ஒரு கட்டு பீடி குடிச்சு 50ல போன தாத்தாவைப் பத்தி யாரும் என் முன்னாடி உட்கார்ந்து பெருமை பேசறது இல்லை. பிழைச்சவங்களை மட்டும் எண்ணிக் கணக்கு போடறதுல இருக்கிற கோளாறு இது.

"அந்தக் காலத்துப் படம்னா படம்" என்கிற பேச்சிலயும் இதே கோளாறு இருக்கு. ஒரு படி மேலயே சொல்லலாம். தாத்தா விஷயத்துலயாவது உடம்பு வாகுன்னு ஒண்ணு உண்டு. படங்கள்ல நல்லது பிழைச்சு மட்டமானது சாகலை. எந்தக் கிடங்குல சூடு அதிகம், எந்த ரீலை யார் எங்கே மறந்து வெச்சாங்க என்பதுதான் பல படங்களோட விதியை எழுதியிருக்கு.

மறந்து வெச்ச கதைக்கு இதை மிஞ்ச ஆள் இல்லை. டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரையர் பிரான்சில் எடுத்த 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்', 1928. நாயகி ஃபால்கோனெட்டியோட முகத்தை வெச்சே மொத்தப் படத்தையும் நகர்த்தியிருப்பார். அதே வருஷ டிசம்பர்ல பெர்லின்ல அசல் நெகட்டிவ் எரிஞ்சு போச்சு. மனுஷன் விடலை. ஒதுக்கி வெச்ச மாற்று டேக்குகளைத் தேடி எடுத்து, ஷாட்டுக்கு ஷாட் பொருத்தி, இரண்டாவது பிரதி ஒண்ணை உருவாக்கினார். 1929ல் அதுவும் தீயில போனதா நம்பினாங்க.

1951ல் அந்த இரண்டாவது பிரதியோட நெகட்டிவ் ஒண்ணு பாரிஸில் கிடைச்சது. கண்டுபிடிச்சவர் அதுல தன் இஷ்டத்துக்கு இசையும் மத்த சரக்கும் சேர்த்து வெளியிட்டார். டிரையருக்கு அது பிடிக்கவே இல்லை. அசல் போனது போனதுதான் என்ற நினைப்போட 1968ல் அவர் கண்ணை மூடினார்.

1981ல் நார்வேயின் ஓஸ்லோவுக்குப் பக்கத்துல டிக்கெமார்க் மனநல மருத்துவமனை. துப்புரவு சாமான் வைக்கிற அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது சில ஃபிலிம் டப்பாக்கள். திறந்து பார்த்தா, முதல் தீக்கு முன்னாடி டிரையர் வெட்டி முடிச்ச அதே அசல் வடிவம், டேனிஷ் எழுத்துகளோட. இன்னிக்கு நீங்களும் நானும் பார்க்கிறது அந்த டப்பாக்களால கிடைச்ச படம்தான்.

(அரசு ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூம்களைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். உடைஞ்ச டிரிப் ஸ்டாண்டுக்குப் பின்னாடி எது வேணா இருக்கலாம்.)

ஆனா பிழைச்சிட்டா மட்டும் கிளாசிக் ஆயிடுமா? இல்லை. கண்ணுல படணும்.

'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்', 1946. வெளியானப்போ போட்ட பணம் திரும்பலை. 1974ல் அதோட காப்புரிமையைப் புதுப்பிக்க விட்டுட்டாங்க. படத்தைக் காசு கட்டாம போடலாம்னு ஆனதும் அமெரிக்க டிவி ஸ்டேஷன்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போட்டுத் தள்ளின. ஒரு தலைமுறை அதைப் பார்த்தே வளர்ந்தது. இன்னிக்கு அது அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் படம். ஒரு கிளார்க் தேதியை மறக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

நேர் எதிரான கேஸ், ஹிட்ச்காக்கோட 'வெர்டிகோ'. 1958ல் வந்தப்போ கலவையான வரவேற்பு. பிறகு உரிமையைத் தன்னிடமே வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா யாருக்கும் காட்டாம இருந்தார். அப்படிப் பூட்டிக் கிடந்த காலத்துலயே, 1982ல், சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை விமர்சகர்கள்கிட்ட நடத்தின ஓட்டெடுப்புல முதல் பத்துக்குள்ள வந்துடுச்சு. கிடைக்காத பண்டத்துக்கு மவுசு கூடும்னு நம்ம ஊர்ல சொல்றதுதான். மறுவெளியீடு 1983ல். நெகட்டிவை மீட்டுப் புதுப்பிச்சது 1996ல். 2012 ஓட்டெடுப்புல முதல் இடம், ஐம்பது வருஷம் அங்கே உட்கார்ந்திருந்த 'சிட்டிசன் கேனை' இறக்கிட்டு. 2022ல் ஓட்டுப் போட்டவங்க எண்ணிக்கை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆச்சு, புது ஆட்கள் வந்தாங்க, சாந்தல் அக்கர்மான் 1975ல் எடுத்த 'ஜான் டீல்மன்' முதல் இடத்துக்குப் போச்சு. ஒரு படத்துலயும் ஒரு ஃபிரேம்கூட மாறலை. கேள்வி கேட்கப்பட்ட ஆட்கள் மாறினாங்க.

நம்ம 'கர்ணன்' (1964) நினைவிருக்கா? 2012ல் டிஜிட்டலாப் புதுப்பிச்சு வந்து நூறு நாள் தாண்டி ஓடினப்போ, தியேட்டர்ல பாதிப் பேர் அந்தப் படம் முதல்ல வந்தப்போ பிறக்காதவங்க.

சரி டாக்டர், எதையாவது கிளாசிக்னு சொல்லிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்னு கேட்பீங்க. நஷ்டம் இருக்கு. அதுக்குத்தான் இவ்வளவு பேச்சு.

நைட்ரேட்டுக்குப் பதிலா வந்த அந்தப் பாதுகாப்பான அசிடேட் ஃபிலிமும் சிரஞ்சீவி இல்லை. சூடும் ஈரப்பதமும் சேர்ந்தா சிதைஞ்சு அசிட்டிக் ஆசிட் விடும். டப்பாவைத் திறந்தா வினிகர் வாடை. அந்த ஆசிட்டே மேற்கொண்டு சிதைவை வேகப்படுத்தும். ஃபிலிம் சுருங்கி, நெளிஞ்சு, கடைசியில புரொஜெக்டர்லயும் ஸ்கேனர்லயும் மாட்ட முடியாமப் போயிடும். நம்ம ஊர் வெயிலும் புழுக்கமும் அதுக்கு ரொம்பப் பிடிச்ச தட்பவெப்பம். காப்பகங்கள்ல டப்பாவுக்குள்ள ஒரு சின்ன அட்டைத் துண்டு வைப்பாங்க. நீலமா இருந்தா நலம், பச்சை ஆனா கவனம், மஞ்சள் ஆனா ஐசியூ கேஸ். நிறுத்த மருந்து இல்லை. குளிர்ல வெச்சா மெதுவாகும், தடுப்பூசிக்கு ஐஸ் பெட்டி மாதிரி.

இப்போ அந்தக் காப்பக அதிகாரி இடத்துல உங்களை வெச்சுப் பாருங்க. நூறு டப்பா மஞ்சள். பத்தைக் காப்பாத்தத்தான் பணம். பஸ் கவிழ்ந்து நாப்பது பேர் ஒரே நேரத்துல வந்து இறங்கற கேஷுவாலிட்டி மாதிரிதான் அதுவும். யாருக்கு சிவப்புச் சீட்டு, யாருக்குக் கறுப்புச் சீட்டு? அங்கே நாங்க பார்க்கிறது நாடித் துடிப்பு, மூச்சு. இங்கே பார்க்கப் போறது, "இது கிளாசிக்கா?" நூறு நாள்தான் கணக்குன்னா ஒரு பத்து படம் பிழைக்கும். விமர்சகர் பட்டியல்னா வேற பத்து. டீக்கடைச் சண்டையில நாம விளையாட்டாச் சொல்ற அளவுகோல் அங்கே சீட்டு கட்டற கை ஆயிடுது.

அதனால எனக்குப் பிடிச்சது அமெரிக்கப் பட்டியலோட அளவுகோல்தான். பண்பாட்டு மதிப்பு, வரலாற்று மதிப்பு, அழகியல் மதிப்பு, மூணுல ஒண்ணு இருந்தாப் போதும். அந்தக் கதவு வழியா 2002ல் உள்ளே வந்த ஒரு படத்தைச் சொல்றேன். 'ஆல் மை பேபீஸ்', 1953. ஜார்ஜியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறைக்காக ஜார்ஜ் ஸ்டோனி எடுத்தது. கிராமத்து மருத்துவச்சிகளுக்குப் பாடம் சொல்லித் தர்ற பயிற்சிப் படம், அவ்வளவுதான். மேரி கோலி என்ற கறுப்பின மருத்துவச்சி அவங்களாவே வர்றாங்க. இரண்டு கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து போறாங்க. ஒரு நிஜப் பிரசவமும் இருக்கு. நட்சத்திரம் இல்லை, நூறு நாள் இல்லை. நம்ம டிபார்ட்மெண்ட் ஸ்டோர்ல இருந்திருந்தா என்னிக்கோ கழிவுப் பட்டியல்ல போயிருக்கும்.

'சிட்டிசன் கேன்' இருக்கிற அதே பட்டியல்ல இப்போ அந்த மருத்துவச்சியும் இருக்காங்க. அடுத்த தடவை உங்க ஊர்ல யாராவது பழைய டப்பாவைப் பழைய இரும்புக் கடைக்குப் போட எடுத்தா, மூடியைத் திறந்து மோந்து பாருங்க. வினிகர் வாடை வந்தா நேரம் கம்மி.