தொகுதி மறுவரையறையும் உள்ளூர்க் கட்சியினரும்: பெங்களூரை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தேர்தல் வரலாற்றை எழுதுவோர் வெற்றி தோல்விகளுக்குத் தரும் கவனத்தைத் தொகுதி எல்லைகள் உருவான முறைக்குத் தருவதில்லை. எல்லை வகுக்கும் பணியில் நீதிபதிகளும் அதிகாரிகளும் மட்டுமன்றி, தெருக்களை நன்கறிந்த உள்ளூர்க் கட்சி உறுப்பினர்களும் பங்கு பெறுகின்றனர். அப்பங்கின் இயல்பையும் வரம்பையும் பெங்களூர் நகரை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

மறுவரையறையின் தேவை

1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் அமைந்த தொகுதிகளிலேயே 1978 முதல் 2004 வரை கர்நாடகச் சட்டப்பேரவைக்கு ஏழு தேர்தல்கள் நடைபெற்றன. இடைப்பட்ட காலத்தில் நகரம் பன்மடங்கு பெருகியது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகை 5,28,50,562; பேரவை இடங்கள் 224. எனவே ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 2.36 இலட்சம் பேர் என்பது மாநிலச் சராசரி. 65,37,124 பேர் வாழ்ந்த பெங்களூர் நகர மாவட்டத்திற்கோ 16 தொகுதிகளே இருந்தன. அங்கு ஒரு தொகுதிக்குச் சராசரியாக நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர். நகரவாசியின் வாக்கு, மாநிலச் சராசரியோடு ஒப்பிட, பாதியைச் சற்றே மிஞ்சிய மதிப்பையே பெற்றிருந்தது. மறுவரையறைக்குப்பின் மாவட்டத்தின் இடங்கள் 28 ஆயின. மொத்த இடங்கள் மாறாமையால் பிற மாவட்டங்கள் 12 இடங்களை இழந்தன. புதிய எல்லைகளின்படி 2008 மே மாதத்தில் பேரவைத் தேர்தல் நடைபெற்றது.

சட்டம் வகுத்த இடம்

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2002ஆம் ஆண்டு வரையறைச் சட்டத்தின்கீழ் இப்பணியை மேற்கொண்டது. மாநிலத்தின் மக்களவை உறுப்பினர் ஐவரும் பேரவை உறுப்பினர் ஐவரும் இணை உறுப்பினர்களாக அமர்ந்தனர். இவர்களுக்கு வாக்களிக்கும் உரிமையோ முடிவில் கையொப்பமிடும் உரிமையோ இல்லை. தம் மாற்றுக் கருத்தை வரைவோடு வெளியிடச் செய்யலாம். வரைவு வெளியான பின்னர் மறுப்புகளையும் யோசனைகளையும் ஆணையம் கேட்டுப் பெற்று, பொது அமர்வுகளை நடத்த வேண்டும் என்பது சட்டவிதி. பதவி எதுவும் இல்லாத கட்சி உறுப்பினருக்குச் சட்டம் திறந்து வைத்த வாயில் இப்பொது அமர்வே.

இவ்வாயிலில் நுழைவோர் தம் கருத்தைச் சொல்லலாம். எக்காரணத்தையும் சொல்லி வெல்ல இயலாது. நிலப்பரப்பின் செறிவு, இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, பொதுமக்களின் வசதி ஆகியனவே சட்டம் ஏற்கும் அளவுகோல்கள். தனித்தொகுதிக்குப் பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதம் கருதப்படும். கட்சியின் நலனும் வாக்காளரின் தாய்மொழியும் இவற்றுள் இல்லை. ஆகவே ஒரு பகுதி தம் தொகுதியில் நீடிக்க வேண்டும் என விரும்பும் கட்சியினர், இருப்புப்பாதை ஊரைப் பிரிக்கிறது, வாக்காளர் பழகிய அலுவலகம் தொலைவாகிறது என்றே வாதிட வேண்டியுள்ளது. தன்னலமும் உண்மையான உள்ளூர் அறிவும் ஒரே மனுவில் கலந்து நிற்கின்றன. எதிர்க்கட்சியினரும் அதே அவையில் இருப்பதால் ஒருவரது மிகைக் கூற்றை மற்றவர் மறுக்க வழியுண்டு. பொது அமர்வின் பயன் இதில்தான் உள்ளது.

தண்டுப் பகுதியும் தமிழரும்

1809இல் தோன்றிய தண்டுப் பகுதியில் சென்னைப் படையைத் தொடர்ந்து வந்த தமிழர் பெருமளவில் குடியேறினர். 1949இல் தண்டும் பழைய நகரும் ஒரே மாநகராட்சியாயின. இப்பகுதியில் சிவாஜி நகர், பாரதி நகர், ஜெயமகால் என மூன்று பேரவைத் தொகுதிகள் இருந்தன. மறுவரையறையில் பின்னிரண்டும் மறைந்தன. 2009இல் வகுக்கப்பெற்ற மாநகராட்சி வார்டுகளில் அவ்விரு பெயர்களும் சிவாஜி நகர்த் தொகுதிக்குட்பட்ட வார்டுகளின் பெயர்களாக எஞ்சின. அல்சூரும் அத்தொகுதியிலேயே அமைந்தது. தனித்தொகுதியாயிருந்த சாந்தி நகர் பொதுத்தொகுதியாயிற்று. புலிகேசி நகரும் சர் சி.வி.ராமன் நகரும் புதிய தனித்தொகுதிகளாயின. கட்சிக் கிளைகள் தொகுதி எல்லையை ஒட்டியே அமைவதால், தொகுதி மறையும்போது உள்ளூர்ப் பொறுப்பாளரின் பணிக்களமும் உடன் சிதைகிறது.

மொழிச் சிறுபான்மையினர் ஓரிடத்தில் செறிந்து வாழ்ந்து, எல்லையும் அதற்கு இயைந்தால் அவர்தம் வலிமை தேர்தலில் புலப்படும். கோலார் தங்கவயலில் 1999இல் அ.இ.அ.தி.மு.க. வென்றமை இதற்குச் சான்று. பெங்களூரில் தமிழர் பல தொகுதிகளில் பரவி வாழ்வதால் எல்லை மாற்றம் அவர்களுக்குக் கூடுதல் முக்கியத்துவம் உடையது. ஆயினும் சட்டத்தின் அளவுகோலில் அதற்குப் பெயரில்லை.

வார்டு வரையறை: ஓர் ஒப்பீடு

மாநகராட்சி வார்டுகளை வகுப்பது மாநில அரசின் பொறுப்பு. இங்குப் பொது அமர்வைவிட எழுத்து வழி மறுப்பே முதன்மை பெற்றது. 2010ஆம் ஆண்டுத் தேர்தல் 198 வார்டுகளில் நடந்தது. 2020 செப்டம்பரில் மன்றத்தின் காலம் முடிந்தபின், தேர்தல் எதுவும் நடைபெறாமலேயே மூன்று வரையறைகள் வெளிவந்தன. பா.ஜ.க. ஆட்சியில் 2022இல் 243 வார்டுகள் வகுக்கப்பட்டன. மறுப்புத் தெரிவிக்க வழங்கப்பெற்ற காலம் 15 நாட்கள். மனுக்களோ மூவாயிரத்திற்கும் மேற்பட்டவை. காங்கிரஸ் ஆட்சியில் 2023இல் அவை 225 ஆயின. நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பெற்ற 2025இல் வரைவு 368 வார்டுகளைக் காட்டியது. இறுதி அறிவிப்பில் அவை 369. ஆட்சி மாறுந்தோறும் எல்லையும் மாறியதால், எல்லை கோடுபவரே போட்டியாளர் என்னும் ஐயம் எழுந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. சார்பற்ற ஆணையத்தின் முன் நேருக்கு நேர் நடக்கும் வாதம் இல்லாத குறையை இது காட்டுகிறது.

முடிவுரை

பொது அமர்வுக்கும் குறையுண்டு. மறுப்புகளை ஆணையம் கருதிப்பார்க்க வேண்டும் என்னும் சட்டம், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு விடை தர வேண்டும் எனக் கூறவில்லை. இறுதி ஆணையை நீதிமன்றத்தில் எதிர்க்க இயலாது என மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1966இல் தீர்ப்பளித்தது. வெளிப்படையான தன்னிச்சை காணப்படின் நீதிமன்ற ஆய்வுக்கு இடமுண்டு என்று 2024இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வழக்குக்கு வழி குறுகியிருப்பதால் அமர்வில் பேசப்படும் சொல்லின் மதிப்பு மிகுகிறது.

அரசியலமைப்பின் 84ஆம் திருத்தம் (2001), இடங்களின் எண்ணிக்கையை மாற்றுவதை 2026க்குப் பின்னரான முதல் கணக்கெடுப்பு வரை ஒத்திவைத்தது. 2025 மார்ச் 22இல் சென்னையில் நடைபெற்ற கூட்டத்தில் மாநிலங்களின் இடப்பங்கு விவாதிக்கப்பட்டது. அப்பங்கு எவ்வாறு முடிவாயினும், ஒவ்வொரு நகரிலும் தெருக்கள் எத்தொகுதியில் சேரும் என்னும் வினா எஞ்சும். அவ்வினாவுக்கு விடை காண உதவிய மனுக்களும், அவற்றைப் பதிவு செய்த பெங்களூர்த் தமிழ் நாளிதழ்களும் தொகுக்கப்பெறின், அயலகத் தமிழர் வரலாற்றுக்கு அவை முதன்மைச் சான்றுகளாக அமையும்.