தந்திக் கோபுரத்தில் ஒரு களவு

வீட்டு ரவுட்டருக்குள் யாரோ புகுந்துவிட்டான், கம்ப்யூட்டரை எவனோ எட்டிப் பார்க்கிறான் என்ற பயம் நம் வயதுக்காரர்களுக்கு இப்போது சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு சேர்ந்த மூன்றாவது வியாதி ஆகிவிட்டது. இது இந்தக் காலத்துக் கேடு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கம்ப்யூட்டரை விடுங்கள், மின்சாரத் தந்தியே வராத காலத்தில் பிரெஞ்சு சர்க்காரின் தகவல் வலைக்குள் இரண்டு சகோதரர்கள் புகுந்து, ஏறக்குறைய இரண்டு வருஷம் பிடிபடாமல் பணம் பண்ணியிருக்கிறார்கள்.

முதலில் அந்த வலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளோத் ஷாப் என்பவர் அமைத்தது அது. பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்தபோது, 1794-ல், பாரீசுக்கும் லீல் நகருக்கும் இடையே முதல் வரிசை வேலை செய்யத் தொடங்கியது. குன்றின் மேலும் மாதா கோயில் கோபுரத்தின் மேலும் ஒரு கம்பம். அதன் உச்சியில் நீண்ட குறுக்குச் சட்டம், அதன் இரு முனையிலும் ஒவ்வொரு கை. கயிற்றை இழுத்து அவற்றைத் திருப்பினால் ஒவ்வொரு கோணமும் ஒரு குறி. அடுத்த கோபுரத்தில் இருப்பவர் தொலைநோக்கியில் பார்த்து அதே குறியைத் தன் கம்பத்தில் வைப்பார். அதைப் பார்த்து அதற்கடுத்தவர். மொத்தம் 92 குறிகள். குறிப் புத்தகத்தில் 92 பக்கங்கள், பக்கத்துக்கு 92 சொற்கள். முதல் குறி பக்கத்தைக் காட்டும், இரண்டாவது குறி சொல்லைக் காட்டும். அந்தப் புத்தகம் மேலதிகாரிகளிடம் மட்டும்தான் இருக்கும். கோபுரத்துக் கடைநிலை ஊழியருக்கு என்ன சேதி போகிறது என்றே தெரியாது. பார்த்தபடி கையைத் திருப்ப வேண்டியது, அவ்வளவுதான். இரவிலும் மூடுபனியிலும் வேலை நின்றுவிடும்.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கட்டுக் கட்டாகத் தபாலை அடுத்த மேசைக்குத் தள்ளியிருக்கிறேன். ஆகவே அந்தக் கோபுரத்து மனிதர்மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு. கண் வலிக்க வேலை, சொற்பச் சம்பளம், தனிமை. யாராவது ஒருவன் மசிவான் என்பது எதிர்பார்க்க வேண்டியதே.

போர்தோ நகரத்து பிளான் சகோதரர்கள் எதிர்பார்த்தார்கள். (பிளான் என்றால் வெள்ளை என்று பொருள். பெயர் அப்படி!) அவர்கள் அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி விற்பவர்கள். பாரீசில் விலை ஏறினால் போர்தோவிலும் ஏறும், ஆனால் அந்தச் செய்தி குதிரைத் தபால் வண்டியில் வந்து சேரச் சில நாட்கள் ஆகும். முன்கூட்டியே தெரிந்தவனுக்குக் கொள்ளை லாபம். தந்தியோ சர்க்கார் சேதிக்கு மட்டும்.

1834-ல் தொடங்கினார்கள். பாரீசுக்கும் போர்தோவுக்கும் நடுவில் தூர் என்ற ஊர். அங்கிருந்த தந்தி ஊழியருக்குப் பணம் கொடுத்துப் பிடித்தார்கள். பாரீசில் விலை ஏறினதா, இறங்கினதா என்பதை அங்கிருந்த கூட்டாளி தூருக்குப் பார்சலில் தெரிவிப்பான். கையுறை, காலுறை மாதிரிச் சாமான்கள். எது வந்திருக்கிறது, என்ன நிறம் என்பதிலேயே விஷயம் அடங்கிவிடும். ஊழியர் அன்றைய சர்க்கார் சேதிக்கு நடுவே ஒரு தவறான குறியை வைப்பார். உடனே "முந்தின குறி பிழை, தள்ளிவிடவும்" என்ற குறியையும் வைப்பார். வழியில் உள்ள கோபுரங்கள் எல்லாம் இரண்டையும் விசுவாசமாக அப்படியே அனுப்பிவைக்கும். போர்தோவில் சேதியை எழுதி எடுக்கும்போது பிழை நீங்கிவிடும், சேதி சுத்தமாக இருக்கும். ஆனால் ஊருக்கு வெளியே ஓய்வு பெற்ற தந்தி ஊழியர் ஒருவர் கடைசிக் கோபுரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பிழைதான் அவருக்கு வேண்டிய சேதி.

ஏன் பாரீசிலேயே இதைச் செய்யவில்லை? தூரில் ஓர் அதிகாரி சேதியைப் பிரித்துப் பார்த்து, அதுவரை சேர்ந்த பிழைகளைக் களைந்து, மறுபடி அனுப்புவார். அவரைத் தாண்டிய பிறகு சேர்த்தால்தான் பிழை போர்தோ வரை போகும். எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

1836-ல் அந்த ஊழியர் நோய்வாய்ப்பட்டார். தனக்குப் பதிலாக இதைத் தொடர்ந்து செய்யும்படி நண்பர் ஒருவரிடம் ரகசியத்தைச் சொல்ல, விஷயம் வெளியே வந்தது. 1837-ல் வழக்கு நடந்தது. தந்தியைத் தனியார் இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று எந்தச் சட்டமும் அதுவரை இல்லை. சகோதரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அதே வருஷம் மே மாதம்தான் தந்தி அரசின் ஏகபோகம், மீறினால் சிறையும் அபராதமும் என்று சட்டம் வந்தது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் நண்பர் ஒருவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் கணக்கைக் கம்ப்யூட்டரில்தான் பார்ப்பார். "ராத்திரி பூரா ரவுட்டர் விளக்கு சிமிட்டுது முசியே, உள்ளே எவனோ உக்காந்திருக்கான்" என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போய் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் அவருக்கு ஒரு போன். "உங்கள் ரவுட்டர் ஹேக் ஆகிவிட்டது, சரிசெய்கிறோம், திரையில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்றது குரல். கிழவர் கை நடுங்க மூக்குக்கண்ணாடியைத் தேடினார். "வைத்துவிடுங்கள் போனை" என்றேன். தூர் ஊழியருக்காவது கூலி கொடுத்தார்கள். இவரைச் சும்மாவே ஊழியர் ஆக்கப் பார்த்தார்கள்.

விளக்கு சிமிட்டுவதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை. தகவல் போய் வந்தால் சிமிட்டத்தான் செய்யும். பார்க்க வேண்டியது வேறு. 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான காமிராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அது பூட்டை உடைக்கவில்லை. கம்பெனி வைத்து அனுப்பிய, யாரும் மாற்றாத கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். ரவுட்டரை அணைத்துப் போட்டால் அந்த நிரல் அழிந்துவிடும், ஆனால் பழைய சொல்லே இருந்தால் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். நண்பர் வீட்டு ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்தேன். அதில் இருந்த சொல்தான் உள்ளேயும் இருந்தது. மாற்றி, நோட்டில் எழுதிவைத்தோம். எந்தெந்தச் சாதனம் இணைந்திருக்கிறது என்ற பட்டியலையும் பார்த்தோம். அவர் போன், மருமகள் போன், டிவி, கம்ப்யூட்டர். அந்நியர் யாரும் இல்லை. இருந்தாலும் வங்கிக்குப் போய்க் கணக்கை ஒருமுறை சரிபார்க்கச் சொன்னேன். போனார், காசு பத்திரமாக இருந்தது.

பள்ளியில் அலெக்சாந்தர் துய்மாவின் 'மோன்த் கிறிஸ்தோ பிரபு' படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பிரபு ஒரு தந்திக் கோபுரத்துக்குப் போய், பழத்தோட்டம் போட ஆசைப்படும் ஊழியருக்குப் பணம் கொடுத்துப் பொய்ச் சேதி அனுப்ப வைப்பார். தாங்ளார் என்ற வங்கிக்காரர் பயந்துபோய் ஸ்பானியப் பத்திரங்களை விற்று நஷ்டப்படுவார். அந்த நாவல் வரத் தொடங்கியது 1844-ல், வழக்கு முடிந்து ஏழு வருஷம் கழித்து. துய்மா அந்த வழக்கை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் நினைக்கிறேன். சிறுவயதில் எங்களுக்குக் கற்பனையாகத் தெரிந்தது.

சகோதரர்களில் பிரான்சுவா பிளான் பிறகு ஜெர்மனியில் ஹோம்பூர்க் நகரத்தில் சூதாட்ட மண்டபம் நடத்தினார். 1863-ல் மோனாக்கோவுக்கு வந்து மோன்த் கார்லோவை உலகப் புகழ் ஆக்கியவரும் அவரே. பெரும் பணக்காரராக 1877-ல் இறந்தார். அவர் மகள் நெப்போலியன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவள் பெற்ற பெண்தான் மரீ போனபார்த். 1938-ல் நாஜிகளிடமிருந்து சிக்மண்ட் பிராய்டு வியன்னாவை விட்டு வெளியேறப் பணம் கொடுத்து உதவிய அதே அம்மையார்.