ஆத்து வாளையின் எடை

சதுரங்கப்பட்டினம் பக்கம் போய் மீன்காரம்மாவிடம் "வாளை இருக்கா?" என்று கேட்டால், வெள்ளி நாடா மாதிரி நீண்ட கடல் மீனைத்தான் எடுத்துக் காட்டுவார். திருக்கழுக்குன்றத்தில் எங்கள் பாட்டி குழம்பு வைத்தது அது இல்லை. இது பாலாற்று மீன். செதில் கிடையாது, மீசை உண்டு, வாய் கண்ணையும் தாண்டிக் கிழிந்திருக்கும். கடல் வாளையோடு குழம்பக் கூடாது என்று வீட்டில் எப்போதும் "ஆத்து வாளை" என்றே சொல்வோம்.

இதன் அறிவியல் பெயர் வல்லாகோ அட்டு. பெர்லின் மருத்துவர் மார்கஸ் ப்ளோக் எழுதி வைத்துவிட்டு இறந்த மீன் நூலை, ஷ்னைடர் முடித்து 1801-ல் வெளியிட்டார். அதில்தான் 'அட்டு' முதலில் வருகிறது. எனக்கு அது 'ஆத்து' என்றே காதில் விழுகிறது. இது என் ஊகம்தான்.

பாட்டி இன்னொன்றும் சொல்வார்: "வெயில் காலத்துல வாங்காதீங்க, தலைக்குத்தான் காசு குடுக்கணும்." வாளை பிற மீன்களை விழுங்கி வளரும் மீன். ஆறு வற்றிக் குட்டையாகும்போது இரை தீர்ந்துபோகும். அப்போது உடம்பு இளைக்கும், தலை இளைக்காது.

பாட்டி கண்ணால் பார்த்ததை எண்ணாக மாற்றியவர் ஸ்காட்லாந்து மீன் ஆய்வாளர் ஃபுல்டன். ஆண்டு 1904. கிராமில் எடையை 100-ஆல் பெருக்கி, சென்டிமீட்டரில் நீளத்தின் கனத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 60 செ.மீ. வாளை 1,200 கிராம் இருந்தால் 0.56 வரும். அதே நீளத்துக்கு 1,500 கிராம் என்றால் 0.69. முதலாவது பாட்டி வேண்டாம் என்ற மீன்.

ஆனால் இந்த எண்ணை வைத்து வாளையையும் கெளுத்தியையும் ஒப்பிட முடியாது, உடல்வாகே வேறு. ஒரே இனத்திலும் மீன் வளர வளர வடிவம் மாறும். 1951-ல் லெ க்ரென், இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரி மீன்களை ஆராய்ந்து இதற்கு வழி சொன்னார்: அந்த நீளத்துக்கு அந்த இனம் சராசரியாக எவ்வளவு எடை இருக்குமோ, அதோடு ஒப்பிடு. 1-க்கு மேல் என்றால் கொழுத்தது, கீழே என்றால் மெலிந்தது. வயிற்றில் முட்டையோ அப்போதுதான் விழுங்கிய கெண்டையோ இருந்தாலும் எண் ஏறும். அதனால்தான் ஆய்வாளர்கள் மீனை அறுத்தும் பார்க்கிறார்கள்.

மதராஸ் ராணுவ மருத்துவராக இருந்து இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளரான ஃப்ரான்சிஸ் டே, சின்னக் கண்ணி வலைகளும் பொறிகளும் குஞ்சுகளை அள்ளுவதை 1873 அறிக்கையில் எழுதினார். வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பதைத் தடுத்த இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல்தான் வந்தது. டே 1889-லேயே இறந்துவிட்டார். இன்று ஆத்து வாளை, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் 'அழிவாய்ப்பு' நிலையில் இருக்கிறது.

ஈசூர்–வல்லிபுரத்திலும் வாயலூரிலும் இப்போது தடுப்பணைகள் இருக்கின்றன. தண்ணீர் நிற்கிறது. மீன் இருக்கா என்று மட்டும் கேட்டால் போதாது, அது சாப்பிடுகிறதா என்றும் கேட்க வேண்டும். அதற்கு ஒரு டேப்பும் தராசும் போதும். வாளை வாங்கினால், வெட்டுவதற்கு முன் நீளம், எடை, மாதம் மூன்றையும் குறித்து வையுங்கள். நானும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன்.