ஞானஸ்நானத்துக்கு ஒரு வராகன்

இரண்டு வருஷங்களுக்கு முன் விழுப்புரத்துக்கு ஒரு ஆங்கிலேயர் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். அவருடைய கொள்ளுத் தாத்தா தென்னிந்திய ரயில்வேயில் கார்டு. 1870களின் கடைசியில் ரயில் பாதை இந்தப் பக்கம் வந்த காலத்தில் இங்கே உத்தியோகம் பார்த்தவர். ஆங்கில இலக்கியம் படித்தவன் என்ற ஒரே தகுதிக்காக அவரை ஒரு நண்பர் என்னிடம் அனுப்பி வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ரயில்வே காலனி, கல்லறைத் தோட்டம் என்று அலைந்தோம். கிடைத்தது ஒன்றுமில்லை. அவருக்கு அதில் பெரிய ஏமாற்றமும் இல்லை. சாயங்காலம் காபி சாப்பிடும்போது பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜைமேல் பிரித்து வைத்தார். அவருடைய வம்சாவளி.

எனக்குப் பொறாமையாக இருந்தது. டெவன் பகுதியில் ஒரு கிராமத்துச் சர்ச்சின் ரிஜிஸ்தரில் 1620களில் ஆரம்பித்து, தகப்பன், மகன், அவன் மகன் என்று ஏழு தலைமுறை இறங்கி வருகிறது. பிரபுக்கள் யாருமில்லை. பண்ணைக் கூலிகள், நடுவில் ஒரு கொல்லன், கடைசியில் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து மதராசுக்குக் கப்பலேறிய ஒருவன். ராஜேந்திர சோழன் எந்த வருஷம் பிறந்தான் என்று நம்மால் சொல்ல முடியாது. ஒரு டெவன் கூலிக்காரனுக்கு எந்த நாளில் ஞானஸ்நானம் ஆயிற்று, எந்த நாளில் அவனை மண்ணில் வைத்தார்கள் என்று அவர்களால் சொல்ல முடிகிறது. கல்லூரியில் தாமஸ் கிரேயின் இரங்கற்பாவை (1751) நடத்திய ஆசிரியர், பெயரற்றுப் போன கிராமத்து ஏழைகளுக்காகக் கவி துக்கப்படுவதாகச் சொன்னார். அப்படியொன்றும் பெயரற்றுப் போய்விடவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மாதிரிக் கல்லறைத் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே, சர்ச்சின் மரப்பெட்டிக்குள், பெயர்கள் இருந்திருக்கின்றன.

வழக்கம் 1538இல் தொடங்கியது. எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரவிட்டான். முதலில் பெரும்பாலும் காகிதத்தில் எழுதினார்கள். 1598இல் பழையதையெல்லாம் தோல்தாளில் பெயர்த்தெழுதச் சொல்லி உத்தரவு வந்தது. ஷேக்ஸ்பியருக்கு 1564 ஏப்ரல் 26இல் ஞானஸ்நானம் நடந்தது என்பதற்கு நம்மிடமுள்ள சாட்சியமே இப்படிப் பெயர்த்தெழுதிய பிரதிதான், மூலம் இல்லை. பாடபேதங்களுக்காகக் குத்துப்பழி வெட்டுப்பழி என்று நிற்கும் நம் பண்டிதர்களுக்கு இது பிடித்த விஷயமாக இருக்க வேண்டும். வம்சாவளி தேடுவது யாரையும் பாதிக்காத பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் ஹார்டியின் 'டெஸ்' (1891) நாவலின் முதல் பக்கங்களைத் திருப்பிப் பார்க்கலாம். வழியில் எதிர்ப்படும் பாதிரியார், தள்ளாடிக்கொண்டு வரும் ஏழை வியாபாரியிடம், நீ ஒரு பழைய பிரபு வம்சத்தின் வாரிசு என்று சும்மா சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு தகவல் அவனுடைய மகளைத் தூக்குமேடை வரைக்கும் கொண்டுபோய் விடுகிறது.

ரிஜிஸ்தர்களைச் சரித்திரக்காரர்களும் விட்டுவைக்கவில்லை. 1964இல் பீட்டர் லாஸ்லெட்டும் டோனி ரிக்லியும் கேம்பிரிட்ஜில் ஆரம்பித்த ஆராய்ச்சிக் குழு, 404 பங்குகளின் பதிவுகளை எண்ணி, 1541 முதல் 1871 வரையிலான இங்கிலாந்தின் ஜனத்தொகையைக் கணக்கிட்டது. அந்தப் புத்தகம் 1981இல் வந்தது. 1754க்குப் பின் கல்யாண ரிஜிஸ்தரில் மணமக்கள் கையெழுத்துப் போட வேண்டும், தெரியாதவர்கள் சிலுவைக் குறி போட வேண்டும் என்று சட்டம். அந்தக் குறிகளை எண்ணியே எத்தனை பேர் எழுத்தறிந்தவர்கள் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல உழைப்பு.

ஆனால் நான் வங்கியில் லெட்ஜரோடு பிழைப்பவன். ஒரு பேரேட்டைப் பார்த்தால் இதில் யாருக்கு யார் பாக்கி என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். யாரும் யாருடைய ஞாபகத்துக்காகவும் பேரேடு எழுதுவதில்லை. கிராம்வெல் உத்தரவு போட்டபோதே, ராஜா ஞானஸ்நானத்துக்கு வரி போடப் போகிறான் என்று ஜனங்கள் பயந்தார்கள். பயம் வீண்போகவில்லை, கொஞ்சம் தாமதமாயிற்று. 1695இல், பிரான்சோடு நடந்த யுத்தத்தின் செலவுக்காக, பிறப்புக்கு 2 ஷில்லிங், கல்யாணத்துக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ், அடக்கத்துக்கு 4 ஷில்லிங் என்று வரி வந்தது. அந்தஸ்து கூடினால் வரியும் கூடும். 1706 வரை இருந்தது. 1783இல் மறுபடியும் பதிவு ஒன்றுக்கு 3 பென்ஸ். தரித்திரர்களுக்கு விலக்கு என்று சொல்லிவிட்டதால் 1794இல் அந்த வரி ரத்தாகும் வரை ரிஜிஸ்தர்களில் தரித்திரர்கள் பெருகினார்கள்.

மதராசில் இதே கதை தலைகீழாக நடந்திருக்கிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி சர்ச் 1680 அக்டோபர் 28இல் அபிஷேகமாயிற்று. அதன் ரிஜிஸ்தரில் முதல் கல்யாணம் ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4இல். மாப்பிள்ளை எலிஹூ யேல், பெண் கேதரின் ஹின்மர்ஸ் என்ற விதவை. பின்னால் மதராஸ் கவர்னராகி, அமெரிக்கச் சர்வகலாசாலை ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்த அதே யேல். இது எல்லாச் சுற்றுலாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவ்வளவு பிரசித்தமில்லாதது, 1687இல் லண்டன் டைரக்டர்கள் மதராசுக்கு எழுதிய கடிதம். நம் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொள்வது நல்லது; அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகிற அன்றைக்குத் தாயாருக்கு ஒரு வராகன் தரலாமே என்று யோசனை சொல்கிறார்கள். பட்டாளத்துக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் கத்தோலிக்கனாக வளர்ந்துவிடக் கூடாது என்ற இரட்டைக் கவலை. சில வருஷ இடைவெளியில், லண்டனில் பிள்ளை பெற்றவன் ராஜாவுக்குப் பணம் கட்டுகிறான். மதராசில் பிள்ளை பெற்றவளுக்குக் கம்பெனி பணம் கொடுக்க நினைக்கிறது. இரண்டு இடத்திலும் ரிஜிஸ்தர்தான் ரசீது.

இதில் நம் ஜில்லாவுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். 1690இல், யேல் கவர்னராக இருந்தபோது, செஞ்சியிலிருந்த மராத்தியர்களிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள கிராமங்களும் சேர்த்தி. குண்டு கிராமம் என்று அவற்றுக்குப் பெயரே உண்டு. 1746இல் மதராஸ் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதிலிருந்து 1752 வரை கம்பெனிக்குத் தலைமையிடம் அந்தக் கோட்டைதான். 1760 ஜனவரி 22இல் வந்தவாசிச் சண்டை. திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம், கூடலூர் என்று நாம் பஸ்ஸில் போய்வருகிற பாதைகளில் முக்கால் நூற்றாண்டு பட்டாளம் நடந்திருக்கிறது. பட்டாளத்தோடு எத்தனை பெண்கள் போனார்கள் என்று எழுதிவைக்க வேண்டிய அவசியம் எவருக்கும் ஏற்படவில்லை.

போனவர்களும் பெயரோடு போகவில்லை. ஜாப் சார்னக்கை எல்லோருக்கும் தெரியும். கல்கத்தாவை ஸ்தாபித்தவன் என்று சொல்லுவார்கள். அவனுடைய மூன்று பெண்களுக்கும் 1689 ஆகஸ்டில் மதராஸ் செயின்ட் மேரியில்தான் ஞானஸ்நானம் நடந்தது. மேரி, எலிசபெத், கேதரின். தாய் ஒரு ஹிந்துப் பெண். உடன்கட்டை ஏறப் போனவளை சார்னக் சிதையிலிருந்து இழுத்துக் காப்பாற்றினான் என்று ஒரு கதை உண்டு, கதைதான். அவளுடைய சொந்தப் பெயர் என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சார்னக்கின் சமாதிக்காகப் பல்லாவரத்திலிருந்து போனதாகச் சொல்லப்படும் கல்லுக்குக்கூட பூகர்ப்ப சாஸ்திரத்தில் 'சார்னகைட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கல்லுக்குக் கிடைத்த பெயர் அவளுக்குக் கிடைக்கவில்லை. துர்பா கோஷ் என்ற சரித்திர ஆசிரியை 2006இல் வெளியிட்ட புத்தகம், இப்படி உயில்களிலும் பதிவுகளிலும் பெயரில்லாமல் வந்துபோகும் பெண்களைப் பற்றியதுதான். அதிகமும் வங்காளத்து விஷயம். மதராசுக்கு அப்படி ஒன்று தமிழில் எழுதப்பட வேண்டும்.

வந்தவரின் காகிதக் கட்டுக்குத் திரும்புகிறேன். மதராஸ் ராஜதானிச் சர்ச்சுகளின் பதிவுகளுக்கு 1698இலிருந்து லண்டனில் நகல் உண்டு; இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கார்டின் ஞானஸ்நானப் பதிவு 1850களைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் 1812இல் கொண்டுவந்த அச்சிட்ட படிவத்தின் அமைப்பு. குழந்தையின் பெயர், பெற்றோரின் கிறிஸ்தவப் பெயர்கள், குடும்பப் பெயர், வசிக்குமிடம், தகப்பன் தொழில், சடங்கு நடத்தியவர். குடும்பப் பெயருக்கு ஒரே கட்டம். அது தகப்பனுடையது. தாய் எந்த வீட்டுப் பெண் என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. டெவன் பெண்ணானாலும் அப்படித்தான், நம்மூர்ப் பெண்ணானாலும் அப்படித்தான். டெவன் பெண்ணையாவது பக்கத்துப் பங்கின் கல்யாண ரிஜிஸ்தரில் தேடிப் பிடித்துவிடலாம். கார்டின் தாயார் பெயர் மேரி. அவ்வளவுதான். அவளோடு ஒரு பாதை நின்றுபோகிறது.

"போர்ச்சுகீசியப் பெண்ணாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார் அவர்.

நான் பேசாமலிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பி ஒரு பரிசோதனை செய்துகொண்டதாகவும், தெற்காசிய ரத்தம் இத்தனை சதவீதம் என்று முடிவு வந்திருப்பதாகவும் சொன்னார். விஞ்ஞானத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தாய்வழியாக மட்டும் இறங்கும் அணு ஒன்று உண்டு, மைட்டோகாண்ட்ரியா. மேரி அதைத் தன் மகனுக்குக் கொடுத்தாள், ஆனால் மகன் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. ஆண்வழியில் வந்த இவரிடம் அது இல்லை. சதவீதம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, வட்டி கழித்த பாக்கி மாதிரி.

போர்ச்சுகீசியப் பெண் என்ற கதையை எளிதாகச் சிரித்துவிட முடியாது. வராகன் கொடுக்கலாம் என்று சொன்ன அதே கம்பெனி, நூறு வருஷம் கழித்து, 1791இல், இந்தியத் தாய்க்குப் பிறந்தவனுக்குத் தன் சிவில், ராணுவ உத்தியோகம் கிடையாது என்று தீர்மானம் போட்டது. 1795இல் ராணுவத்தில் அவர்களுக்கு மிச்சம் வைத்தது குழல் ஊதுவது, தம்பட்டம் அடிப்பது, குதிரைக்கு லாடம் கட்டுவது போன்ற வேலைகளைத்தான். ஞானஸ்நானப் பதிவில் ஒரு வரி மாறவில்லை, வரவாக இருந்தது பற்றாகிவிட்டது. 1947க்குப் பிறகு மறுபடி ஒரு திருப்பம். இந்திய அரசியல் சட்டத்தின் 366ஆம் பிரிவு ஆங்கிலோ இந்தியர் யார் என்பதை ஆண்வழியில் ஐரோப்பிய மூதாதை உண்டா என்று கேட்டுத் தீர்மானிக்கிறது. 1948இன் பிரிட்டிஷ் தேசிய உரிமைச் சட்டம் கேட்டதும் ஆண்வழிதான். சண்டையிட்டுப் பிரிந்த இரண்டு சர்க்கார்களுக்கும் இந்த ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. கப்பலேற வேண்டியவர்கள் சர்ச்சு சர்ச்சாகப் போய்த் தகப்பனைத் தேடினார்கள். தாயைத் தேடினால் டிக்கெட் கிடைக்காது. 2020 ஜனவரியில் சட்டசபை, லோக்சபை நியமன இடங்களும் போய்விட்டன. இன்று தேடுபவர்களுக்குக் கிடைக்க வேண்டியது எதுவுமில்லை. 1998இல் இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்து நடத்துகிறார்கள். ஆதாயம் போன பிறகுதான் மேரி யார் என்ற கேள்வியே எழுகிறது.

நம்மிடம் பேரேடு இல்லாமலில்லை. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் பக்கத்தில் எண்ணாயிரம் என்று ஒரு ஊர். அங்கே ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டில் 270 இளைய மாணாக்கர், 70 மூத்த மாணாக்கர், 14 ஆசிரியர், ஆளுக்கு இத்தனை நெல் என்று துல்லியமாக இருக்கிறது. எவ்வளவு நெல் என்பது தெரிகிறது. 340 மாணாக்கர் யார் என்பது தெரியவில்லை. தர்ப்பணம் செய்கிற வீடுகளில் பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயர்களும் மூன்று தலைமுறைக்கு மந்திரத்தில் நிற்கும். மற்றவர்கள் வீட்டில் அதுவும் கிடையாது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு ஜாதியும் சூரிய குலம், அக்கினி குலம் என்று வம்ச புராணம் அச்சடித்துக்கொண்டது வேறு சமாச்சாரம். அந்தப் புத்தகங்களில் ரிஷிகள் உண்டு, கொள்ளுப்பாட்டிகள் இல்லை.

திண்டிவனத்தில் என் கவுண்டருக்கு முன்னால் வாரிசுச் சான்றிதழோடு வந்து நிற்கும் பெண்களிடம் நானும் தகப்பன் பெயர், கணவன் பெயர் என்றுதான் கேட்கிறேன். படிவம் அப்படி. ஆங்கிலேயர் ஊருக்குப் போன வாரத்தில் என் அம்மாவிடம், உன் அப்பாவைப் பெற்றவள் பெயர் என்ன என்று கேட்டேன்.

"யாரு கண்டா? நான் பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. எங்கம்மா மாமியா பேர வாயால சொல்லாது. பெரியாயான்னுதான் சொல்லும்."

பரணில் தாத்தாவின் தகரப் பெட்டி இருந்தது. அதில் 1938ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்று. புருஷன் செத்தபின் கடனுக்காக, தனக்காகவும் மைனர் மகனுக்குக் கார்டியனாகவும், நாற்பது சென்ட் புஞ்சையை விற்றிருக்கிறாள். பெயர் எழுதி, பக்கத்தில் இடது பெருவிரல் ரேகை. நிலம் கைவிட்டுப் போகாமலிருந்தால் அந்தப் பெயர் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. படித்ததும் எனக்குச் சிறிது நேரம் புரியவில்லை. அது என் அம்மாவின் பெயர். ரேஷன் கார்டில், வாக்காளர் பட்டியலில், என் பள்ளிச் சான்றிதழில் இருக்கிற பெயர். வீட்டில் யாரும் அம்மாவை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. பிறந்தது முதல் பாப்பாதான், அறுபது வயதிலும் பாப்பா.

பத்திரத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ரேகை இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் எங்கம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்புடலயா" என்றாள்.