பாலுக்கு முந்திய அரசியல்: கரிசலிலிருந்து திரிபுவன்தாஸ் படேல்

மாடு வைத்திருந்த குடியானவர், பின்னர் பால் தொழிலின் தலைவர், கடைசியில் மாநிலங்களவை உறுப்பினர்: திரிபுவன்தாஸ் படேலின் (1903–1994) வாழ்க்கையை இப்படி வரிசைப்படுத்துவது எளிது. ஆனால் ஆண்டுகள் இடிக்கின்றன. 1930 உப்புச் சத்தியாகிரகத்திலேயே அவர் சிறை சென்றார். குஜராத்தின் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் (பின்னாளில் அமுல்) பதிவானதோ 1946 டிசம்பர் 14-ல். அரசியலில் சேர்த்த நம்பிக்கையைத்தான் அவர் பாலில் முதலாகப் போட்டார் என்பது என் வாதம்.

அந்த முதல் எதற்குத் தேவைப்பட்டது என்பது அருப்புக்கோட்டைக்காரருக்கு உடனே விளங்கும். இங்கே விலை படியாவிட்டால் பருத்தியையும் மிளகாய் வத்தலையும் வீட்டில் போட்டு வைக்கலாம். காலையில் கறந்த பாலை மாலைவரை வைப்பதே பாடு. அப்படிப்பட்ட சரக்கை வைத்துக்கொண்டு, பால் கொள்முதலில் ஏகபோக உரிமை பெற்றிருந்த போல்சன் நிறுவனத்துக்குக் கைரா விவசாயிகள் பதினைந்து நாள் பால் ஊற்ற மறுத்தார்கள். வல்லபபாய் படேலின் யோசனை, 1946 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் கலந்துகொண்ட சமர்க்கா கூட்டம் எல்லாம் பின்னணியில் உண்டு. ஆனால் ஊர் ஊராகப் போய்ச் சங்கம் சேர்க்க, சிறை கண்ட உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டியிருந்தது.

1949-ல் கைராவின் ஆனந்துக்கு வந்து, பின்னர் ஒன்றியத்தை நடத்திய வர்கீஸ் குரியன் (கோபிச்செட்டிபாளையத்தில் படித்தவர் என்பதில் நமக்கொரு சின்னப் பெருமை) கட்சிக்காரர்களின் தலையீடின்றி வேலை செய்ய முடிந்ததும் தலைவர் நாற்காலியில் படேல் இருந்ததால்தான்.

கைரா அமைந்த சரோத்தர் வளமான மண், பம்பாய்ச் சந்தை வேறு கைக்கெட்டும் தூரத்தில். கரிசலோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். மண் வேறுதான். ஆனால் போல்சனின் பிடி மண்ணின்மேல் இல்லை, விலையின்மேல் இருந்தது.

விலைத் தகராறு இங்கேயும் உண்டு. திருச்சுழிப் பக்கம் கம்மாய் வற்றிய வருஷம் பசும்புல் ஏது? சோளத்தட்டையும், கட்டுப்படியானால் கொஞ்சம் பருத்திக்கொட்டையும்தான். தீனி குறைந்தால் பாலில் கொழுப்பல்லாத திடச்சத்து இறங்கும். சங்கத்தில் லேக்டோமீட்டரை முக்கினால் டிகிரி குறையும், பணமும் குறையும். கூடவே 'தண்ணி ஊத்திட்டாங்க' என்ற பேச்சும் வரும். இது வழக்காடவேண்டிய விஷயம். கருவி மட்டும் தீர்த்துவிடாது.

வழக்காட யார்? இந்தச் சீமையில் அரசியலுக்குப் பஞ்சமில்லை, 1977-ல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் வென்றுதான் முதல்வரானார். பால் மட்டும் அரசுத் துறையோடு நின்றது. 1958-ல் பால்வளத் துறை, 1972-ல் பால்வளக் கழகம், 1981-ல் கூட்டுறவு இணையம் என அமைப்பு மேலிருந்து இறங்கியது. தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவே இல்லாத ஆண்டுகளும் தமிழகக் கூட்டுறவுகளுக்குப் பல. டிகிரி இறங்கியதற்குக் காரணம் தண்ணீரல்ல, தீவனம் என்று விலை பேசும் இடத்தில் ஓர் உறுப்பினர் சொல்லியிருக்க வேண்டும். அந்த நாற்காலியில் இருந்தவர் அரசு நியமித்த தனி அலுவலர்.