வலது மூலைப் பெட்டி

"சிஸ்டத்துல வைரஸ் வந்துருச்சு தம்பி, உடனே வாங்க" என்று வரும் போன்களில் பாதிக்கு மேல் வைரஸே இருக்காது. 2000களின் பிற்பகுதியில் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு சர்வீஸ் பார்த்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். நான் பார்த்தது கும்பகோணத்திலும் சுற்றுவட்டார ஊர்களிலும். போய்ப் பார்த்தால் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி நிற்கும். ஆரஞ்சு நிறம், பெரிய ஆச்சரியக்குறி, உங்கள் கணினிக்கு முழுப் பாதுகாப்பு இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இலவச ஆன்டிவைரஸ்தான், காசு கொடுத்து வாங்கும் பதிப்புக்கு மாறச் சொல்கிறது. வேறொன்றும் இல்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அந்தப் பெட்டியைக் காட்டிக் கோபமாகவே கேட்டார்: "கரண்டுக்குக் கட்டியாச்சு, நெட்டுக்குக் கட்டியாச்சு. இவன் யாரு தம்பி புதுசா?"

இவன் செக் நாட்டுக்காரன். 1988இல் அது செக்கோஸ்லோவாக்கியா, கம்யூனிஸ்ட் ஆட்சி. பிராக் நகரில் கணிதக் கருவிகளுக்கான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பாவெல் பௌடிஷ் கையில் ஒரு பிளாப்பி கிடைத்தது. அதில் இருந்தது வியன்னா என்ற வைரஸ். மொத்தமே 648 பைட்; .காம் என்று முடியும் புரோகிராம் பைல்களில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்துப் பார்த்து, நீக்குவதற்கு ஒரு புரோகிராம் எழுதினார். சக ஊழியர் எடுவர்ட் குச்செராவோடு சேர்ந்து அதைத் தொழிலாக்க நினைத்தபோது, தனியார் கம்பெனி தொடங்க அங்கே வழியில்லை. கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கினார்கள், ஆல்வில் என்ற பெயரில். நமக்குக் கூட்டுறவு என்றால் பால் சங்கமும் நெசவாளர் சங்கமும்தான் நினைவுக்கு வரும். அவர்களுக்கு ஆன்டிவைரஸ் சங்கம். அவாஸ்ட் அங்கே பிறந்ததுதான்.

அதே நாட்டின் பிர்னோ நகரில் 1991இல் தொடங்கிய கிரிசாஃப்ட் கம்பெனியிடமிருந்து ஏவிஜி வந்தது. சிவப்புக் குடைச் சின்னத்தோடு வந்த அவிரா ஜெர்மனியின் டெட்நாங் என்ற சிற்றூர்ச் சரக்கு. நம் வீடுகளில் அதிகம் குடியிருந்தவை இந்த மூன்றும்தான்.

பெட்டிக்கு மூதாதை என்று தேடினால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். லாகூரில் இரண்டு சகோதரர்கள் 1986இல் எழுதிய பிரெய்ன் வைரஸைப் பற்றிச் செய்தி வந்த காலம். அடுத்த ஆண்டே ஜான் மெக்காஃபி தன் வீட்டிலிருந்து ஆன்டிவைரஸ் கொடுக்கத் தொடங்கினார். டெலிபோன் வழியாக இயங்கிய புல்லட்டின் போர்டுகளில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கம்பெனிகள் மட்டும் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும். வீட்டில் பழகியவன் ஆபீஸிலும் அதையே கேட்பான் என்ற கணக்கு. 1992 மார்ச் 6ஆம் தேதி மைக்கலாஞ்சலோ வைரஸ் ஐம்பது லட்சம் கம்ப்யூட்டர்கள் வரை அழிக்கலாம் என்று அவர் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. அன்று பாழானவை ஆயிரக்கணக்கில்தான். ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் ஆன்டிவைரஸ் அமோகமாக விற்றது. இலவசமும் பயமும் ஒரே கையிலிருந்து வந்தால் வியாபாரம் நடக்கும் என்பது இந்தத் தொழிலுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பிராகின் ஆல்வில்லுக்கு அமெரிக்கப் பெருங்கம்பெனிகளோடு சண்டை போடப் பணம் இல்லை. 2001இல் அவாஸ்ட் வீட்டு உபயோகத்துக்கு முழு இலவசம் என்று அறிவித்தது. தர்மம் இல்லை இது. வீட்டுக்காரன் எப்படியும் காசு கொடுத்து வாங்கப் போவதில்லை. அவன் கம்ப்யூட்டரில் பிடிபடும் புது வைரஸ் பிராகுக்குத் தகவலாகப் போகிறது. அவன் நாலு பேரிடம் சொல்கிறான். அந்த நாலு பேரில் ஒருவன் கம்பெனி நடத்துகிறான். விளம்பரத்துக்குச் செலவே இல்லை. அந்தக் காலத்து அவாஸ்ட் வீட்டுப் பதிப்புக்கு ஈமெயிலில் ஒரு கீ வரும், 14 மாதம் செல்லும். முடிந்ததும் இன்னொரு கீ, அதுவும் இலவசம். ஈமெயில் முகவரியே இல்லாத வீடுகளில் கீ வாங்கிப் போடுவதும் என் வேலையில் சேர்ந்தது.

நம் ஊருக்கு இது தேவைப்பட்டதற்குக் காரணம் பென்டிரைவ். ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர், காலேஜ் லேப், பிரவுசிங் சென்டர் என்று சுற்றி வரும் ஒரு பென்டிரைவ் போதும், தெரு முழுவதும் ஒரே வைரஸ் இருக்கும். சொருகியதுமே ஆட்டோரன் பைல் தானாக ஓடும். போல்டர் படம் போட்ட 'நியூ போல்டர்.இஎக்ஸ்இ'யைப் போல்டர் என்று நம்பிக் கிளிக் செய்வார்கள். பென்டிரைவுக்கு ஆட்டோரனை நிறுத்தும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் அனுப்பியது 2011 பிப்ரவரியில்தான். நம் வீடுகளில் ஓடிய விண்டோஸ் எக்ஸ்பியோ பெரும்பாலும் காப்பி சிடியில் போட்டது. அப்டேட்டை அணைத்துவிட்டுத்தான் ஆளிடம் கொடுப்பார்கள். ஆகவே இலவச ஆன்டிவைரஸ்தான் கதி. ஸ்பீக்கர் போட்டிருந்த வீடுகளில் 'வைரஸ் டேட்டாபேஸ் ஹேஸ் பீன் அப்டேட்டட்' என்று அவாஸ்ட் திடீரென்று பேசும். அறையில் யாருமில்லாத நேரத்தில் அந்தக் குரலைக் கேட்டுப் பயந்த பாட்டிகள் உண்டு.

பெட்டியை நன்றாகப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு இலவச ஆன்டிவைரஸில் நான் அடிக்கடி பார்த்தது இது. நடுவில் பச்சைப் பட்டை, 'அப்கிரேட் நவ்'. அதைத் தொட்டால் மூன்று விலைகள் மூன்று கட்டங்களில். நடுக்கட்டம் மற்றதைவிடச் சற்று உயரமாக, 'சிறந்த தேர்வு' என்ற நாடாவோடு. இலவசத்திலேயே தொடரலாம் என்பது அடியில், சாம்பல் நிறத்தில், பட்டனாகக்கூட இல்லாமல் வெறும் எழுத்தாக. 'வேண்டாம்' என்று ஒரு சொல் எங்கும் கிடையாது. 'பிறகு நினைவூட்டு' மட்டும் இருக்கும். வயதானவர்களுக்கு அந்தச் சாம்பல் எழுத்து கண்ணிலேயே படாது. வாசலில் நிற்கும் மாதாந்திர வசூல்காரரிடம் சொல்வதைப் போல 'பிறகு' என்று சொல்லிச் சொல்லியே வருடம் ஓட்டினார்கள்.

அவிராவின் பெட்டி தினமும் வரும், அப்டேட் முடிந்த கையோடு. அதற்கு எங்கள் ஆட்களிடம் வைத்தியம் இருந்தது. விளம்பரத்தைக் காட்டுவது ஏவிநோட்டிஃபை என்ற தனி புரோகிராம். எக்ஸ்பி புரொபஷனல் என்றால் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் அதன் பெயரைக் கொடுத்து ஓடவிடாமல் தடுத்துவிடலாம்; வைரஸ் காவல் அது பாட்டுக்கு நடக்கும். அவாஸ்டில் சைலன்ட் மோடு போட்டால் பெட்டியும் குரலும் அடங்கும். இந்த இரண்டுக்கும் யாரும் தனியாகக் காசு கேட்டதில்லை, டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

பெட்டிக்குப் பயந்து நிஜமாகவே வாங்கியவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் பெட்டி சொன்ன பொருளை வாங்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கிரெடிட் கார்டு ஏது? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வந்த அட்டைப்பெட்டி ஆன்டிவைரஸை உள்ளூர்க் கடையில் வாங்கினார்கள். கொண்டுபோய்ப் போட்டுக் கொடுத்தவருக்குக் கமிஷன். புனேயில் கால்குலேட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த கைலாஷ் கட்கர், தம்பி சஞ்சய் எழுதிய புரோகிராமை வைத்துத் தொண்ணூறுகளில் வளர்த்த குவிக் ஹீல், எங்களைப் போன்ற ரிப்பேர்காரர்களின் கைவழியாகத்தான் வீடுகளுக்குள் போனது. செக் நாட்டுக்காரனின் பெட்டி போட்ட சத்தத்தில் புனேக்காரருக்கு வியாபாரம்.

எனக்கு அந்தப் பெட்டியின் மீது உள்ள உண்மையான புகார், அது காசு கேட்டது என்பதல்ல. எச்சரிக்கையும் விளம்பரமும் ஒரே மூலையில், ஒரே நிறத்தில், ஒரே சின்னத்தோடு வந்தன. எதைப் பார்த்துப் பதற வேண்டும், எதை மூட வேண்டும் என்று வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போனது. போலிகள் புகுந்தது அந்தச் சந்தில்தான். வின்ஃபிக்சர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்ற பெயர்களில் பொய்யாக ஸ்கேன் ஓட்டி, இல்லாத வைரஸைக் காட்டிக் காசு பறித்தார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2008இல் அந்தக் கும்பல் மீது வழக்குப் போட்டது; 2012இல் 16.3 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. நிஜப் பெட்டியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் போலிப் பெட்டி வித்தியாசமாகவே தெரியவில்லை.

2009 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு இலவச ஆன்டிவைரஸ் விட்டது. ஒரிஜினல் விண்டோஸா என்று சோதித்துவிட்டுத்தான் ஏறும் என்பதால் நம் வீடுகளில் பாதிக்கு அது எட்டவில்லை. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே இருந்தது. இனி வைரஸைக் காட்டி மட்டும் பிழைக்க முடியாது. பெட்டியின் பேச்சு மாறியது: குப்பை பைல்கள் சேர்ந்துவிட்டன, டிரைவர் பழசாகிவிட்டது, உங்கள் ஐபி முகவரி வெளியே தெரிகிறது, விபிஎன் வாங்குங்கள். ஐபி முகவரி வெளியே தெரியாமல் எந்த இணையதளம் திறக்கும் என்று கேட்க ஆளில்லை.

பணம் வேறு வழியிலும் வந்தது. அவாஸ்டின் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட், இலவசப் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற தகவலை விற்றது 2020 ஜனவரியில் அம்பலமானது. அந்த மாதமே அதை மூடினார்கள். 2024இல் எஃப்டிசி 1.65 கோடி டாலர் அபராதம் விதித்தது. பெட்டியில் பச்சைப் பட்டையைத் தொடாதவரும் ஏதோ ஒரு கணக்கில் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவாஸ்ட் 2016இல் ஏவிஜியை 130 கோடி டாலருக்கு வாங்கியது. 2021இல் அவிராவை நார்ட்டன்லைஃப்லாக் வாங்கியது. 2022இல் அவாஸ்டும் அதனுடன் சேர்ந்தது. இன்று மூன்றும், ஜென் டிஜிட்டல் என்று பெயர் மாறிய அந்த ஒரே கம்பெனியின் சரக்கு.

இப்போது புது லேப்டாப் வாங்கியவர்கள் கூப்பிட்டால், கூடவே வரும் டிரையல் ஆன்டிவைரஸை நீக்கிவிட்டு டிஃபெண்டரை ஆன் செய்துவிட்டு வருகிறேன். நாலு நாள் கழித்துப் போன் வரும்: "ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதே தம்பி, வேலை செய்யுதா?" செய்கிறது. கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. டிஃபெண்டரின் கேடயச் சின்னத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்து உட்காரும். திறந்து பார்த்தால், ஒன்டிரைவ் அமைக்கச் சொல்கிறது. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'டிஸ்மிஸ்' என்று இருக்கும், அதைத் தொட்டால் போதும்.